ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் ஜான் வார்டைத் தெரிஞ்சுக்கோங்க

ஜான் மான்ட்கோமரி வார்டு. இந்தப் பெயரை நீங்க கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. அமெரிக்காக்காரர். பேஸ்பால் பிட்சர். அதுவும் நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஆள். நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, நியாயமான கேள்விதான். என் பதில் இது: இந்த வருஷம் பிளேஸ்மென்ட்டில் உட்காரும் ஒவ்வொருவரும் இரண்டு பேஸ்பால் கதையாவது தெரிஞ்சுக்கணும். அதில் முதல் கதை இவருடையது.

பேஸ்பாலே பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பிட்சர் என்பவர் நம்ம பௌலர் மாதிரி. ஆனா ஓடி வந்து போட முடியாது. ஒரே இடத்தில் நின்று எறியணும். பந்து தரையில் குத்தாமல் பேட்ஸ்மேனிடம் போகணும். இன்னொரு பெரிய வித்தியாசம், கிரிக்கெட்டில் ஓவர் மாறும், பௌலர் மாறுவார். அந்தக் காலத்து பேஸ்பாலில் பெரும்பாலும் ஒரே பிட்சர்தான் மேட்ச் முழுக்க எறிவார். மறுநாள் மேட்சிலும் அவரே நிற்பார்.

வார்டு 1860-ல் பென்சில்வேனியாவில் பெல்ஃபான்ட் என்ற ஊரில் பிறந்தார். 14 வயதுக்குள் அப்பா, அம்மா இருவரையும் இழந்துவிட்டார். இன்று பென் ஸ்டேட் பல்கலைக்கழகமாக இருக்கும் கல்லூரியில் சின்ன வயசிலேயே சேர்ந்தார், ஆனா முடிக்கவில்லை. ராகிங் தகராறில் ஒரு சீனியரைப் படிக்கட்டில் தள்ளிவிட்டதும், கோழி திருடியதும்தான் வெளியே அனுப்பக் காரணம் என்று சொல்வார்கள். படிப்பு போச்சு. கையில் இருந்தது பந்து எறியும் திறமை மட்டும்தான்.

1878-ல், 18 வயதில், நேஷனல் லீகின் பிராவிடன்ஸ் கிரேஸ் அணியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே 47 வெற்றிகள். அணி சாம்பியன். அந்த ஒரு சீசனில் மட்டும் அவர் எறிந்தது 587 இன்னிங்ஸ். இன்றைக்கு ஒரு பிட்சர் வருஷத்துக்கு 200 இன்னிங்ஸ் எறிந்தாலே உழைப்பாளி என்று கொண்டாடுகிறார்கள். 1880 ஜூன் 17 அன்று பஃபலோ அணிக்கு எதிராக 27 பேரை வரிசையாக அவுட்டாக்கினார். ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. இதைத்தான் இப்போது பெர்ஃபெக்ட் கேம் என்கிறார்கள். ஐந்து நாள் முன்னால் லீ ரிச்மண்ட் என்பவர் முதல் பெர்ஃபெக்ட் கேமை எறிந்திருந்தார். வார்டு எறிந்தது இரண்டாவது. நேஷனல் லீகில் மூன்றாவது வர 84 வருஷம் ஆனது, 1964-ல். வார்டுக்கு அப்போ வயசு 20. நம்மில் பலரைவிடச் சின்னப் பையன்.

இந்தப் புள்ளிவிவரமெல்லாம் கூகுளில் கிடைக்கும். நான் பேச வந்தது இதைப் பற்றி அல்ல. இந்த ஆள் தன் கான்ட்ராக்டைப் படித்துப் பார்த்தார். அதுதான் மேட்டர்.

அந்த ஒரு வரி

1879-ல் நேஷனல் லீக் முதலாளிகள் கூடி ரகசியமாக ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு அணியும் ஐந்து வீரர்களை "ரிசர்வ்" செய்துகொள்ளலாம். சீசன் முடிந்து கான்ட்ராக்ட் காலாவதியானாலும், அந்த ஐந்து பேரை மற்ற அணிகள் தொடக்கூடாது. பின்னாளில் இதற்கு ரிசர்வ் கிளாஸ் என்று பெயர் வந்தது. ஐந்து பேர் என்பது மெல்ல மெல்ல ஏறி 1887-க்குள் 14 ஆனது. 14 என்றால் கிட்டத்தட்ட முழு அணியும்.

இதன் விளைவை யோசிச்சுப் பாருங்க. கான்ட்ராக்ட் ஒரு வருஷத்துக்குத்தான். ஆனா வருஷம் முடிந்ததும் உங்களுக்கு இரண்டே வழி. அதே முதலாளி சொல்லும் சம்பளத்துக்குத் திரும்பவும் கையெழுத்துப் போடலாம், இல்லைன்னா விளையாட்டை விட்டே போகலாம். வேறு அணிக்குப் போகும் மூன்றாவது வழி கிடையாது. ஆனா முதலாளிக்கு? பத்து நாள் நோட்டீஸ் கொடுத்தால் போதும், உங்களை வீட்டுக்கு அனுப்பலாம். உங்களைக் கேட்காமலேயே இன்னொரு அணிக்கு விற்கலாம்.

இந்த வரிக்கு என்ன விலை இருந்தது என்று தெரிய, இரண்டாவது கதையாக, வார்டின் சக வீரர் சார்லஸ் ராட்போர்னைப் பார்க்கணும். "ஓல்ட் ஹாஸ்" என்பது செல்லப் பெயர், கிழட்டுக் குதிரை என்று அர்த்தம். வார்டும் ராட்போர்னும் ஒரே அணியில் இருந்தவர்கள். 1882-ல் ஒரு மேட்ச் 18 இன்னிங்ஸ் வரை இழுத்தது. முழுவதையும் எறிந்தவர் வார்டு. 1-0 என்று ஜெயிக்க வைத்த ஹோம் ரன்னை அடித்தவர், அன்று ஃபீல்டராக நின்ற ராட்போர்ன்.

1884 சீசன் நடுவில் அந்த அணியின் இன்னொரு பிட்சர் விலகிப் போனார். அப்போ ராட்போர்ன் நிர்வாகத்திடம் ஒரு டீல் பேசினார்: மீதி மேட்சுகளை நானே எறிகிறேன், சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்க, சீசன் முடிந்ததும் ரிசர்விலிருந்து என்னை விடுங்க. அந்த வருஷம் அவர் எறிந்தது 678 இன்னிங்ஸ். 59 வெற்றிகள், சில கணக்குகளில் 60. இந்த சாதனையை இனி யாரும் முறியடிக்க முடியாது. காலையில் கையைத் தூக்கித் தலை சீவக்கூட முடியாமல் கஷ்டப்பட்டார் என்று அவரைப் பற்றிக் கதை இருக்கு.

இந்தக் கதையை மோட்டிவேஷன் ஸ்பீக்கர் யாரிடமாவது கொடுத்தால் எப்படிச் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். "வலியைத் தாண்டி உழைத்தான், சரித்திரம் படைத்தான்." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சரியாகப் படித்தால் இது கடின உழைப்பின் கதை மட்டுமல்ல. சாதாரணத் தொழிலாளிக்குத் தானாகவே இருக்கும் ஒரு உரிமையை, அதாவது வேலை பிடிக்கலைன்னா வேறு இடம் போகும் உரிமையை, தன் தோளைக் கொடுத்து வாங்கவேண்டிய நிலையில் ஒரு மனுஷன் இருந்தான் என்பதன் கதை. கொண்டாடுகிறவர்கள் 59-ஐப் பார்க்கிறார்கள். அந்த டீல் ஏன் தேவைப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

தோள் போன பிறகு

வார்டின் கையும் தாங்கவில்லை. 1883-ல் நியூயார்க் அணிக்கு மாறினார். 1884-ல் பேஸ் ஓடும்போது வலது கையில் அடிபட்டது, பிட்சர் வாழ்க்கை முடிந்தது. வயசு 24. அதுவரை 164 வெற்றிகள்.

இங்கேதான் எனக்கு இவரை ரொம்பப் பிடிக்க ஆரம்பித்தது. வலது கை சரியாகும்வரை இடது கையால் பந்தெறியப் பழகி ஃபீல்டராக ஆடினார். பிறகு ஷார்ட்ஸ்டாப் ஆனார். பேட்டிங்கில் மொத்தம் 2,100-க்கும் மேல் ஹிட்டுகள். பிட்சராக 100 வெற்றிக்கு மேலும், பேட்டராக 2,000 ஹிட்டுக்கு மேலும் எடுத்தவர் பேஸ்பால் வரலாற்றில் இவர் ஒருவர்தான். இதற்கு நடுவில் கொலம்பியா சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1885-ல் பட்டம் வாங்கிவிட்டார். பகலில் மேட்ச், சீசன் இல்லாத மாதங்களில் சட்டப் புத்தகம். சொந்த ஊர்க் கல்லூரி வெளியே தள்ளிய பையன்.

சட்டம் படித்ததும் முதலில் என்ன செய்தார்? தன்னுடைய கான்ட்ராக்டையே பாடமாக எடுத்துக்கொண்டார். அதே 1885 அக்டோபரில் நியூயார்க் அணி வீரர்கள் ஒன்பது பேர் சேர்ந்து "பிரதர்ஹுட்" என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். தலைவர் வார்டு. அமெரிக்க விளையாட்டில் வீரர்களுக்கான முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

1887 தொடக்கத்தில் சிகாகோ அணி தன் நட்சத்திர வீரர் கிங் கெல்லியை பாஸ்டனுக்கு 10,000 டாலருக்கு விற்றது. அந்தக் காசு போனது முதலாளியின் பைக்கு. அந்த வருஷம் ஆகஸ்டில் லிப்பின்காட்ஸ் இதழில் வார்டு ஒரு கட்டுரை எழுதினார். பேஸ்பால் வீரன் என்ன, ஒரு உடைமைப் பொருளா? தலைப்பே இந்தக் கேள்விதான். தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் திரும்ப ஒப்படைக்கும் பழைய சட்டத்தோடு ரிசர்வ் விதியை அதில் ஒப்பிட்டார்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு நெருடல் உண்டு. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து அப்போது 22 வருஷம்தான் ஆகியிருந்தது. சாதாரணத் தொழிலாளியைவிடப் பல மடங்கு சம்பாதிக்கும் ஒருவர், தன்னை அடிமையோடு ஒப்பிடுவது கொஞ்சம் ஓவர்தான். அதைவிட முக்கியம், அதே 1887 ஜூலையில் இன்டர்நேஷனல் லீக் என்ற இன்னொரு லீக், இனிமேல் கறுப்பின வீரர்களோடு புது ஒப்பந்தம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. அடுத்த அறுபது வருஷத்துக்குப் பெரிய லீகுகளின் கதவு அவர்களுக்கு மூடியே கிடந்தது. வீரர்களை விற்பது அநியாயம் என்று போராடிய சங்கம், வீரர்களாகவே சேர்த்துக்கொள்ளப்படாதவர்களுக்காக எந்தப் போராட்டமும் நடத்தவில்லை. வார்டைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே சொல்லணும். ஆனா இதனால் ரிசர்வ் கிளாஸ் பற்றி அவர் சொன்னது பொய்யாகிவிடாது.

கப்பல் போன நேரம் பார்த்து

1888 கடைசியில் ஸ்பால்டிங் என்ற முதலாளி, இவரும் ஒரு காலத்தில் பெரிய பிட்சர், இரண்டு அணிகளை உலகச் சுற்றுப்பயணம் கூட்டிப் போனார். அதில் ஒரு அணிக்கு வார்டு கேப்டன். ஆஸ்திரேலியா போய், 1889 ஜனவரியில் கொழும்பில் இறங்கி ஒரு மேட்ச் ஆடினார்கள். பிறகு எகிப்து, இத்தாலி, இங்கிலாந்து. தமிழ் பேசும் ஊர்ப்பக்கம் வார்டு வந்து போனது அந்த ஒரு தடவைதான்.

சங்கத் தலைவர் நடுக்கடலில் இருக்கும்போது, இங்கே முதலாளிகள் புது விதி கொண்டுவந்தார்கள். வீரர்களை ஏ முதல் இ வரை ஐந்து கிரேடாகப் பிரிப்பது. ஏ கிரேடுக்கு 2,500 டாலர், இ கிரேடுக்கு 1,500. அதற்கு மேல் கிடையாது. கிரேடை எதை வைத்துப் போடுவார்கள்? ஆட்டத் திறமையோடு பழக்கவழக்கம், ஈடுபாடு, மைதானத்துக்கு வெளியே நடத்தை எல்லாம் சேர்த்து. யார் போடுவார்கள்? முதலாளிகள். கம்பெனி அப்ரைசல் பற்றி சீனியர்கள் புலம்புவதைக் கேட்டிருந்தால், இது உங்களுக்குப் புதுசா தோணாது.

திரும்பி வந்த வார்டு உடனே ஸ்டிரைக் என்று குதிக்கவில்லை. பல வீரர்கள் கொதித்தும், சீசன் நடுவில் வேலைநிறுத்தம் வேண்டாம் என்று பிடித்து நிறுத்தினார். சீசன் முடிந்தது. 1889 நவம்பரில், எங்களை ஆட்டு மந்தை போல வாங்கி விற்றீர்கள் என்ற பொருளில் ஒரு அறிக்கை வெளியிட்டு, பிளேயர்ஸ் லீக் என்ற புது லீகையே அறிவித்தார்கள். எட்டு அணிகள். ரிசர்வ் கிளாஸ் கிடையாது. வீரர்களும் பங்கு வாங்கலாம், நிர்வாகத்திலும் லாபத்திலும் அவர்களுக்குப் பங்கு. நேஷனல் லீகின் பெரிய வீரர்களில் பெரும்பாலானோர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், ராட்போர்ன் உட்பட.

நியூயார்க் அணி சும்மா இருக்குமா? வார்டு மீது வழக்குப் போட்டது. ரிசர்வ் கிளாஸ்படி 1890-க்கும் அவர் எங்களுக்குத்தான், வேறு எங்கும் ஆடத் தடை போடுங்க என்று கேட்டது. 1890 ஜனவரியில் நீதிபதி ஓ'பிரையன் தடை தர மறுத்தார். காரணம் ரொம்ப எளிமை. ஒரு பக்கம் வீரனை வருஷக் கணக்கில் கட்டிப் போடலாம், இன்னொரு பக்கம் கிளப் பத்து நாள் நோட்டீஸில் அவனைக் கழற்றிவிடலாம். அடுத்த வருஷத்துக்கான நிபந்தனைகளே தெளிவாக இல்லை. இப்படி இருபக்கச் சமநிலை இல்லாத ஒப்பந்தத்தை நிறைவேற்ற நீதிமன்றம் துணை வராது.

கவனிங்க, நீதிபதி "கான்ட்ராக்டே தப்பு" என்று சொல்லவில்லை. வார்டும் அப்படிச் சொல்லவில்லை. இத்தனை வருஷம், இத்தனை சம்பளம், இரண்டு பேருக்கும் ஒரே விதி என்றால் கட்டுப்பட அவர் தயார். பிளேயர்ஸ் லீகிலும் கான்ட்ராக்ட் இருந்தது. எதிர்த்தது ஒரு பக்கம் மட்டும் இறுகும் முடிச்சை.

சரி, ஜெயித்தாரா?

இல்லை. ஒரே சீசனில் பிளேயர்ஸ் லீக் மூடப்பட்டது.

1890-ல் ஒரே ஊரில் இரண்டு லீகும் போட்டி போட்டு மேட்ச் வைத்தன. இரண்டு பக்கமும் கூட்டக் கணக்கை ஊதிப் பெருக்கிச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் நஷ்டம். ஆனா தன் நஷ்டத்தை மறைத்துக்கொண்டு தைரியமாகப் பேரம் பேசினார் ஸ்பால்டிங். பிளேயர்ஸ் லீகுக்குப் பணம் போட்ட தொழிலதிபர்கள் பயந்து, வீரர்களை ஓரம் கட்டிவிட்டுத் தனித்தனியாக சமாதானம் பேசி அணிகளை இணைத்துவிட்டார்கள். வீரர்கள் திரும்பவும் பழைய லீகுக்கு, பழைய ரிசர்வ் கிளாஸுக்கு.

விட்டுக்கொடுத்தவர்கள் வீரர்கள் அல்ல என்பதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. அதே கிங் கெல்லியிடம், திரும்பி வந்தால் 10,000 டாலர் செக், சம்பளத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளும் மூன்று வருஷ கான்ட்ராக்ட் என்று ஸ்பால்டிங் நீட்டினார். கெல்லி கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்து, பசங்களை விட்டு வர முடியாது என்று மறுத்துவிட்டு, 500 டாலர் மட்டும் கடன் கேட்டாராம். இதை எழுதி வைத்தது எதிரணியில் இருந்த ஸ்பால்டிங்கே. 10,000-க்கு விற்கப்பட்டவர், அதே 10,000 தன் கைக்கே வந்தபோது வேண்டாம் என்றார். எனக்குத் தெரிந்த விளையாட்டுக் கதைகளில் இதைவிடப் பெரிய கேட்ச் இல்லை.

அதன் பிறகு என்ன ஆச்சு? ரிசர்வ் கிளாஸ் இன்னும் எண்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தது. 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்றது. 1972-ல் கர்ட் ஃபிளட் என்ற வீரர் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். 1975 டிசம்பரில்தான் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், ஒரு வருஷம் கூடுதலாக ஆடினால் வீரன் சுதந்திரமானவன் என்று தீர்ப்பு சொன்னார். 1879-ல் போட்ட முடிச்சு அவிழ 96 வருஷம். வார்டு அதைப் பார்க்கவில்லை. 1894-ல் ஆட்டத்தை விட்டு வழக்கறிஞராக வாழ்ந்து, 1925-ல், 65-வது பிறந்தநாளுக்கு மறுநாள் இறந்தார். பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தது 1964-ல்.

முதலாளிகள் பக்கமும் ஒரு வாதம் இருக்கு, அதையும் வைக்கணும். ரிசர்வ் கிளாஸ் இல்லைன்னா பணக்கார நகரத்து அணி எல்லா நல்ல வீரரையும் வாங்கிவிடும், சின்ன ஊர் அணி காலியாகிவிடும், லீகே படுத்துவிடும் என்றார்கள். இது வெறும் சால்ஜாப்பு இல்லை. அந்தக் காலத்தில் வருஷா வருஷம் அணிகள் திவாலாகிக்கொண்டுதான் இருந்தன. ஆனா ஒரு தொழில் நிலையாக இருப்பதற்கான விலையை முழுக்க முழுக்க ஒரு தரப்பு மட்டுமே கட்டணும் என்றால், அதற்குப் பெயர் நிலைத்தன்மை இல்லை, சௌகரியம். லீகைக் காப்பாற்ற வீரன் ஐந்து வருஷம் கட்டுப்படணும் என்றால் சரி, கிளப்பும் அந்த ஐந்து வருஷம் அவனை வைத்திருக்கட்டும். இதைத்தான் வார்டு கேட்டார்.

இப்போ நம்ம விஷயம்

இந்த செமஸ்டரில் நம்மில் பலருக்கு ஆஃபர் லெட்டர் வரும். நான் பேச நினைப்பது இங்கே இருக்கும் மூன்று சங்கதிகளைப் பற்றி. எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்லத் தேவையில்லை. இது பொதுவான நடைமுறை.

முதலாவது, பாண்டு. இத்தனை வருஷத்துக்கு முன்னால் போனால் இவ்வளவு பணம் கட்டணும் என்ற ஷரத்து. "பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது மச்சி" என்று ஹாஸ்டலில் ஒருத்தர் கட்டாயம் சொல்வார். நம்பாதீங்க. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-வது பிரிவு சொல்வது உண்மை. ஆனா 1967-ல் நம் உச்ச நீதிமன்றம், ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் சேர்ந்து பாதியில் போட்டி நிறுவனத்துக்குப் போன ஒரு டயர் நூல் ஆலை ஊழியரைத் தடுத்தது சரி என்றது. வேலைக் காலத்துக்குள் இருக்கும் கட்டுப்பாடு வேறு, வேலை முடிந்த பிறகான கட்டுப்பாடு வேறு என்பது அதன் அடிப்படை. 2025 மே மாதத்தில், மூன்று வருஷம் முடியும் முன் போனால் 2 லட்சம் ரூபாய் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் ஷரத்தையும் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பாண்டு எல்லாம் செல்லும் என்றும் இதற்கு அர்த்தமில்லை. தொகை நியாயமா, உண்மையான செலவு இருக்கா, நிபந்தனை ஒருதலைப்பட்சமா என்று பார்ப்பார்கள். அதாவது பதில் ஹாஸ்டல் வதந்தியில் இல்லை, உங்க பேப்பரில் இருக்கு.

இரண்டாவது, நோட்டீஸ் பீரியட். நீங்க போகணும்னா மூன்று மாதம், அவங்க அனுப்பணும்னா ஒரு மாதம் என்று இருந்தால், அது ஓ'பிரையன் பார்த்த அதே பத்து நாள் கதையின் நவீன வடிவம்தான்.

மூன்றாவது, பல கல்லூரிகளில் இருக்கும் ஒன் ஸ்டூடன்ட் ஒன் ஜாப் விதி. ஒரு ஆஃபர் கிடைத்ததும் மற்ற கம்பெனிகளுக்கு உட்கார முடியாது. இதற்கு நியாயமான காரணம் உண்டு; ஒருத்தரே நாலு ஆஃபரை வைத்துக்கொண்டால் இன்னும் மூன்று பேருக்குப் போகவேண்டியது போகாது. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனா இதன் மறுபக்கம் என்ன? ஆஃபர் கையில் இருக்கும், ஜாயினிங் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போகும். ஆறு மாதம், ஒரு வருஷம். நாம் அன்றைக்கே ரிசர்வ் ஆகிவிட்டோம். அவங்க எதற்கும் கட்டுப்படவில்லை. விதி இருக்கட்டும். குறிப்பிட்ட தேதிக்குள் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அந்த மாணவர் மறுபடி உட்காரலாம் என்ற ஒரு வரியையும் சேர்க்கணும். இதுதான் என் கோரிக்கை. பெரிய புரட்சி எதுவும் இல்லை.

உங்களுக்குத் தோன்றும் கேள்வி எனக்கும் தெரியும். "வேலை கிடைப்பதே பெரிய விஷயம், இதில் நாம் கண்டிஷன் போடுவதா?" உண்மைதான். ஃப்ரெஷருக்குப் பேரம் பேசும் பலம் கிடையாது. படிப்புக் கடன் இருக்கும் வீட்டில், கையெழுத்துப் போடாதே என்று யாரும் யாருக்கும் அறிவுரை சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. வார்டும் ரிசர்வ் கிளாஸ் இருந்த கான்ட்ராக்டில் வருஷக் கணக்காகக் கையெழுத்துப் போட்டவர்தான். வித்தியாசம், எதில் போடுகிறோம் என்று தெரிந்து போட்டார். தெரிந்ததால்தான் கேள்வி கேட்க முடிந்தது, மற்றவர்களிடம் பேச முடிந்தது, ஒன்பது பேர் சேர முடிந்தது. தனியாளாக ஒரு ஃப்ரெஷர் கேட்டால் கம்பெனி சிரிக்கும். அதே கேள்வியை ஒரு பேட்ச் முழுக்க பிளேஸ்மென்ட் செல் வழியாகக் கேட்டால், பதிலாவது வரும்.

நாம் இன்ஜினியர்கள், சட்டம் நம்ம டிபார்ட்மென்ட் இல்லை என்று ஒரு மனநிலை நமக்கு உண்டு. ஒரு மெஷினின் டேட்டா ஷீட்டை நாற்பது பக்கம் படிப்போம். நம்ம மூன்று வருஷத்தை எழுதிக் கொடுக்கும் எட்டுப் பக்கத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் திறந்து கையெழுத்துப் போடுவோம். ஆப்டிட்யூடுக்கு வகுப்பு, குரூப் டிஸ்கஷனுக்கு வகுப்பு, டை கட்டுவதற்குக்கூட வகுப்பு நடக்கிறது. கான்ட்ராக்ட் படிப்பதற்கு ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், ஒரு வழக்கறிஞரைக் கூப்பிட்டு நடத்தினால் என்ன?

அதுவரைக்கும், ஆஃபர் லெட்டர் வந்ததும் இந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்க:

நான் போகணும்னா எத்தனை நாள், அவங்க அனுப்பணும்னா எத்தனை நாள்?

பாண்டு தொகை எந்தச் செலவுக்கு? ஒரு வருஷம் வேலை பார்த்த பிறகு அது குறையுமா, அப்படியே நிற்குமா?

சேரும் தேதி எழுத்தில் இருக்கா? தள்ளிப்போனால் என்ன என்று எழுதியிருக்கா?

வேலையை விட்ட பிறகும் என்னைக் கட்டும் வரி ஏதாவது இருக்கா?

பதில் பிடிக்காவிட்டாலும் நீங்க கையெழுத்துப் போடவேண்டி வரலாம். பரவாயில்லை. ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோங்க. படித்துவிட்டுப் போடுங்க.